மேல்கை எலும்பு முறிந்தால்: பிளேட் வைக்கணுமா, கட்டுப் போட்டாலே போதுமா?

மதுரை கோரிப்பாளையத்தில் ஒரு டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு "பிளேட் வச்சிரலாம்" என்கிறார். அதே படத்தை அண்ணா நகரில் இன்னொருவரிடம் காட்டினால் "எதுக்குங்க? ஸ்லிங் போட்டு அடுத்த வாரம் வாங்க" என்று, கழுத்தில் மாட்டிக் கையைத் தாங்கும் பட்டையோடு அனுப்பிவிடுகிறார். வீட்டுக்கு வந்தால் பெரியப்பா, "பேசாம புத்தூர் கட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கப்பா" என்று மூன்றாவது வழி காட்டுகிறார். கை வலியில் துடிக்கிறவரைச் சுற்றி உட்கார்ந்து மற்ற எல்லாரும் வாதாடுகிறார்கள். இந்த வாதத்தைத் தீர்க்க என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதை, விழுந்த நேரத்தில் தொடங்கி வரிசையாக எழுதுகிறேன். டாக்டர் முன்னால் உட்காரும்போது சரியான கேள்வியைக் கேட்க இது உதவும். முடிவை அவரோடு சேர்ந்துதான் எடுக்க வேண்டும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். மேல்கை எலும்பு கொஞ்சம் கோணலாகச் சேர்ந்தாலும் பெரிதாகக் கண்டுகொள்ளாத எலும்பு. மேலே இருக்கும் தோள் ஒரு பந்துக் கிண்ண மூட்டு. எல்லாப் பக்கமும் சுழலும், கோணலை அதுவே ஈடுகட்டிவிடும். தொடை எலும்பைப் போல உடம்பின் எடையைச் சுமக்க வேண்டியதும் இல்லை. ஆகவே படத்தில் எலும்பு நேராக நிற்கிறதா என்று பார்த்துக் கவலைப்படுவதைக் காட்டிலும், ஆறு மாதம் கழித்து அந்தக் கை தலையை வாருமா, சட்டையை மாட்டுமா என்று கேட்பதே புத்திசாலித்தனம்.

விழுந்தவுடன்

வளையல், மோதிரம், வாட்ச் எல்லாவற்றையும் முதலில் கழற்றுங்கள். ஒரு மணி நேரத்தில் கை வீங்கிவிடும், அப்புறம் மோதிரத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டும். முழங்கையை மடக்கி, ஒரு துண்டிலோ துப்பட்டாவிலோ கையைத் தாங்கிக் கழுத்தில் கட்டுங்கள். இன்னொரு துண்டால் கையை நெஞ்சோடு சேர்த்துச் சுற்றுங்கள். இழுத்து நேராக்கிப் பார்ப்பது, எண்ணெய் தேய்த்து உருவிவிடுவது இரண்டும் கூடாது. ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி ஒத்தடம் கொடுக்கலாம்.

பிறகு மூன்று விஷயங்களைப் பாருங்கள். விரல்கள் இளஞ்சூடாக, வழக்கமான நிறத்தில் இருக்கின்றனவா? தொட்டால் உணர்ச்சி தெரிகிறதா? மணிக்கட்டை மேல்நோக்கித் தூக்க முடிகிறதா? விரல் வெளுத்தோ குளிர்ந்தோ இருந்தால், அல்லது தோல் கிழிந்து ரத்தம் வந்தால், தாமதிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். காயத்தின் மேல் சுத்தமான துணியை வைத்தால் போதும். மஞ்சள், காப்பிப்பொடி எதையும் அப்ப வேண்டாம்.

வயதானவர் விழுந்திருந்தால் ஏன் விழுந்தார் என்பதையும் கேளுங்கள். வழுக்கி விழுந்ததும் தலைசுற்றி விழுந்ததும் ஒன்றல்ல. சர்க்கரை இறங்கியிருக்கலாம், பிபி மாத்திரை கூடியிருக்கலாம், இதயத்துடிப்பு தடுமாறியிருக்கலாம். தலையில் அடிபட்டிருந்தாலோ ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவராக இருந்தாலோ அதைத்தான் ஆஸ்பத்திரியில் முதலில் சொல்ல வேண்டும். கையைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

சாலை விபத்து என்றால், சேர்க்கும் இடத்திலேயே விபத்துப் பதிவேட்டில் பதியச் சொல்லி, ஏ.ஆர். காப்பி எனப்படும் அதன் நகலைக் கேட்டு வையுங்கள். பின்னால் இழப்பீட்டு வழக்குப் போட்டால் அந்தத் தாளை வக்கீல் முதலில் கேட்பார். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஒரு வரம்புவரை அரசு ஏற்கிறது. திட்டத்தில் இணைந்த தனியார் மருத்துவமனைகளுக்கும் இது பொருந்தும்.

எந்த இடத்தில் முறிந்திருக்கிறது?

மேல்கை எலும்பில் மூன்று இடங்கள் உண்டு. மூன்றுக்கும் சிகிச்சை வேறு. பக்கத்து வீட்டுக்காரருக்கு நடந்ததை வைத்து நம் வீட்டு முறிவுக்கு முடிவெடுப்பதில் உள்ள சிக்கலே இதுதான். அவருக்கு நடுத்தண்டு முறிந்திருக்கும், நம்மவருக்குத் தோள்முனை முறிந்திருக்கும்.

தோள்முனை முறிவு பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு வருகிறது. குளியலறையிலோ வாசல் தெளித்த ஈரத்திலோ நின்ற இடத்திலிருந்து விழுந்தாலே போதும். நடுத்தண்டு முறிவு இளவயதில் பைக் விபத்தில் அதிகம். முழங்கைக்குச் சற்று மேலே முறிவது குழந்தைகளுக்குச் சாதாரணமாக வருவது. பெரியவர்களுக்கும் வரும்.

எக்ஸ்ரே ஒரு கோணத்தில் மட்டும் எடுத்தால் போதாது. தோள் என்றால் நேர்ப்படம், பக்கவாட்டுப் படம், முடிந்தால் அக்குள் வழியாக ஒரு படம். கடைசியாகச் சொன்னது இல்லாவிட்டால், பந்து கிண்ணத்திலிருந்து பின்பக்கமாக நழுவியிருப்பது கண்ணில் படாமலே போகும். சி.டி. ஸ்கேன் எல்லாருக்கும் தேவையில்லை. துண்டுகள் நிறைய, அறுவை சிகிச்சைக்கு யோசனை ஓடுகிறது என்றால் எடுக்கலாம். எல்லாப் படங்களையும் போனில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு டாக்டரிடம் போகும்போது கை கொடுக்கும்.

தோள்முனை முறிவு: கணக்கு என்ன சொல்கிறது?

டாக்டர்கள் "டூ பார்ட்", "த்ரீ பார்ட்", "ஃபோர் பார்ட்" என்று பேசிக்கொள்வது காதில் விழும். 1970-ல் சார்லஸ் நீர் என்ற அமெரிக்க எலும்பு மருத்துவர் வகுத்த முறை அது. எலும்பின் தலை, தசைநார் ஒட்டும் பெரிய மேடு, சிறிய மேடு, தண்டு என்று நான்கு பகுதிகள். ஒரு துண்டு 1 சென்டிமீட்டருக்கு மேல் விலகியிருந்தால், அல்லது 45 டிகிரிக்கு மேல் சாய்ந்திருந்தால்தான் அதைத் தனிப் பகுதியாக எண்ணுவார். எக்ஸ்ரேயில் நாலு கோடு தெரிந்தாலும் எதுவும் விலகவில்லை என்றால் அது 'ஒன் பார்ட்' தான். இப்படி விலகாத முறிவுகளே அதிகம். அவற்றுக்கு ஸ்லிங் போதும் என்பதில் யாருக்கும் சண்டை இல்லை.

சண்டை எல்லாம் விலகிய முறிவுகளைப் பற்றித்தான். இதைத் தீர்க்க பிரிட்டனில் 'ப்ரோஃபர்' என்ற பெரிய ஆய்வு நடந்தது. விலகிய தோள்முனை முறிவோடு வந்த 250 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேருக்கு அறுவை சிகிச்சையும் மீதிப் பேருக்கு ஸ்லிங்கும் கொடுத்தார்கள். 2015-ல் முடிவு வெளியானது. தோள் எப்படி இயங்குகிறது என்று நோயாளிகளே போட்ட மதிப்பெண்ணின் இரண்டு ஆண்டுச் சராசரி, 48-க்கு இரு பக்கமும் 39-ஐ ஒட்டியே இருந்தது. ஐந்தாண்டு கழித்துப் பார்த்தபோதும் வித்தியாசம் தெரியவில்லை. இந்த மாதிரி ஆய்வுகளை எல்லாம் ஒன்றுசேர்த்து அலசும் காக்ரேன் தொகுப்பு 2022-ல் புதுப்பிக்கப்பட்டபோதும் இதையேதான் சொன்னது: பெரும்பாலான விலகிய முறிவுகளில் அறுவை சிகிச்சை செய்ததால் ஓராண்டு, ஈராண்டு கழித்துக் கை கூடுதலாக நன்றாக இருக்கவில்லை. பின்னால் இன்னொரு அறுவை சிகிச்சை தேவைப்படும் வாய்ப்புதான் கூடுகிறது.

இதைப் படித்துவிட்டு "அப்ப ஆபரேஷனே வேண்டாம்" என்று எழுந்து வந்துவிடக் கூடாது. ப்ரோஃபர் ஆய்வில் பந்து கிண்ணத்தைவிட்டு வெளியே வந்த முறிவுகளைச் சேர்க்கவில்லை. கட்டாயம் அறுவை சிகிச்சை வேண்டும் என்று டாக்டருக்கே தெளிவாகத் தெரிந்தவர்களையும் சேர்க்கவில்லை. சேர்ந்தவர்களின் சராசரி வயது 66. மாட்டுத்தாவணியில் மூட்டை தூக்கும் முப்பது வயதுக்காரருக்கு அந்தக் கணக்கை அப்படியே பொருத்த முடியாது.

யாருக்கு அறுவை சிகிச்சை தவிர்க்க முடியாதது?

தோல் கிழிந்து எலும்பு வெளியே தெரிந்தால், ரத்தக்குழாய் அறுந்திருந்தால், பந்து கிண்ணத்தைவிட்டு நழுவி முறிவும் சேர்ந்திருந்தால், எலும்பின் தலையே பிளந்திருந்தால் பேச்சுக்கு இடமில்லை. கைக்குள் அழுத்தம் ஏறித் தசை செத்துப்போகும் நிலைக்கு வந்தாலும் அப்படித்தான். மேல்கையும் முன்கையும் சேர்ந்து முறிந்தவர்களுக்கும், காலும் முறிந்து கட்டைக்கோலை ஊன்றியே நடக்க வேண்டியவர்களுக்கும் பெரும்பாலும் கம்பியோ பிளேட்டோ வைப்பதுதான் நல்லது. புற்றுநோய் பரவி எலும்பு தானே முறிந்திருந்தால் அது முற்றிலும் வேறு கதை. சின்ன அடியில் நடுத்தண்டு முறிந்தால் டாக்டர் அதையும் சந்தேகப்படுவார்.

இதற்கு அடுத்து ஒரு நடுத்தர வகை உண்டு. உடலுழைப்பில் இருக்கும் இளவயதுக்காரருக்குப் பெரிய மேடு 5 மில்லிமீட்டருக்கு மேல் விலகியிருந்தால், கையை மேலே தூக்கும்போது அது இடித்துக்கொண்டே இருக்கும். அவருக்கு அறுவை சிகிச்சை யோசிக்கத் தக்கது. எழுபத்தைந்து வயதில் நாலாகச் சிதறிய தலைக்குப் பிளேட் போடுவது பல நேரம் வீண் வேலை. ரத்த ஓட்டம் அறுந்த எலும்புத் தலை பிறகு நொறுங்கிவிடும், திருகாணி மூட்டுக்குள் நீட்டிக்கொள்ளும். அந்த வயதில் அறுவை சிகிச்சைதான் என்று முடிவானால், பந்தையும் கிண்ணத்தையும் இடம் மாற்றி வைக்கும் 'ரிவர்ஸ்' மூட்டு மாற்று பற்றி டாக்டரிடம் கேளுங்கள். செலவு அதிகம். எல்லா டாக்டரும் செய்வதில்லை. ஆனால் பிளேட்டுக்கும் ரிவர்ஸுக்கும் நடுவே தேர்வு என்றால், அந்த வயதில் இதற்கே பலன் கூடுதல் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

இன்னொன்று, தோல் கிழியாத தோள்முனை முறிவில் இன்றைக்கு ராத்திரியே தியேட்டருக்குப் போயாக வேண்டிய அவசரம் கிடையாது. ப்ரோஃபர் ஆய்விலேயே மூன்று வாரம் வரை பொறுத்திருந்து சேர்த்துக்கொண்டார்கள். பந்து கிண்ணத்துக்குள்ளேயே இருந்து விரல்களுக்கு ரத்த ஓட்டமும் சரியாக இருக்கிறது என்றால், வீட்டுக்குப் போய், யோசித்து, இன்னொருவரிடம் கேட்டு வர நாலைந்து நாள் தாராளமாக உண்டு.

நடுத்தண்டு முறிவு: பிரேஸ் என்ற வழி

இதற்கு முதல் ஓரிரு வாரம் அக்குளில் தொடங்கி முழங்கையைச் சுற்றித் தோள்வரை ஏறும் யு வடிவ மாவுக்கட்டு. வீக்கம் வடிந்ததும் அதை எடுத்துவிட்டு, இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் ஓடு வைத்து வெல்க்ரோவால் இறுக்கும் பிரேஸ். 1977-ல் சர்மியன்டோ என்ற மருத்துவர் எழுதிப் பரவலான முறை இது. எலும்பைப் பிடித்து வைப்பது ஓடு அல்ல. சுற்றியுள்ள தசையை ஓடு அழுத்த, தசை எலும்பைப் பிடிக்கிறது. தொங்கும் கையின் எடை அதை நேராக இழுக்கிறது. முன்பின்னாக 20 டிகிரி, பக்கவாட்டில் 30 டிகிரி, 3 சென்டிமீட்டர் குட்டை என்பதுவரை ஏற்றுக்கொள்ளலாம் என்பது பழைய கணக்கு. மெலிந்தவருக்குக் கோணல் கண்ணுக்குத் தெரியும், சதைப்பிடிப்பானவருக்குத் தெரியவே தெரியாது.

பிரேஸ் போட்டவர்கள் செய்யும் பெரிய தப்பு, நாற்காலிக் கைப்பிடியில் முழங்கையை ஊன்றி உட்காருவது. ஊன்றினால் எலும்பு வளையும். கை தொங்கத்தான் வேண்டும். தூக்கமும் சாய்ந்த நிலையில்தான், முதுகுக்கு நாலு தலையணை வைத்து. வெல்க்ரோவை வீக்கம் குறையக் குறையத் தினமும் இறுக்க வேண்டும். மதுரைக் கத்திரி வெயிலில் ஓட்டுக்குள் வியர்த்து ஊறிப் புண்ணாகும். உள்ளே பருத்தி உறை போட்டு, அதை நாள்தோறும் மாற்றுங்கள். எட்டு முதல் பன்னிரண்டு வாரம் இந்த வாழ்க்கை.

நன்மை தீமை இரண்டையும் சொல்ல வேண்டும். சர்மியன்டோ 2000-ல் வெளியிட்ட 620 பேர் கணக்கில், தோல் கிழியாத முறிவுகளில் சேராமல் போனவை இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. பின்னால் வந்தவர்களுக்கு அவ்வளவு நல்ல கணக்குக் கிடைக்கவில்லை. பின்லாந்தில் 82 பேரிடம் நடந்து 2020-ல் வெளியான 'ஃபிஷ்' ஆய்வில், ஓராண்டு முடிவில் பிளேட்டும் பிரேஸும் கிட்டத்தட்டச் சமம். ஆனால் பிரேஸ் போட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு, எலும்பு சேராததால் பிறகு அறுவை சிகிச்சை செய்ய வேண்டி வந்தது. அப்படித் தாமதமாகச் செய்துகொண்டவர்கள் மற்றவர்களைவிடப் பின்தங்கினார்கள். ஆகவே, பிரேஸ் போட்டு ஆறு வாரத்துக்குப் பிறகும் முறிந்த இடம் உள்ளே அசைகிறது, படத்தில் புது எலும்பு வரவில்லை என்றால், "இன்னும் ரெண்டு மாசம் பார்ப்போம்" என்று இழுத்தடிக்காமல் டாக்டரிடம் நேரடியாகப் பேசுங்கள். லாரி ஓட்டுபவர், கொத்தனார், தினக்கூலிக்காரர் போன்றவர்களுக்குச் சீக்கிரம் கை வேண்டும் என்பதற்காகவே முதலிலேயே பிளேட் வைப்பதிலும் தவறில்லை. அது அவர் வருமானத்தை வைத்து எடுக்கும் முடிவு.

மணிக்கட்டு தொங்கிவிட்டால் வீடே பதறும். தண்டைச் சுற்றி ஓடும் ரேடியல் நரம்பு அடிபட்டதால் வருவது அது. நடுத்தண்டு முறிந்தவர்களில் எட்டு, ஒன்பது பேரில் ஒருவருக்கு வரும். தோல் கிழியாத முறிவென்றால் இதற்காக மட்டும் உடனே திறக்க வேண்டியதில்லை. பெரும்பாலோருக்கு மூன்று நான்கு மாதத்தில் தானே திரும்பும். அதுவரை மணிக்கட்டைத் தூக்கிப் பிடிக்கும் பட்டையைப் போட்டு, இன்னொரு கையால் விரல்களை விரித்து நீட்டிக்கொண்டே இருக்க வேண்டும். விட்டுவிட்டால், நரம்பு திரும்பி வரும்போது விரல் மூட்டுகள் இறுகிப்போயிருக்கும்.

குழந்தைகள்

கொய்யா மரத்திலிருந்தோ ஊஞ்சலிலிருந்தோ விழுந்து முழங்கைக்கு மேலே வீங்கியிருந்தால், வேறு எங்கும் போகாமல் நேராக எலும்பு டாக்டரிடம் போங்கள். அந்த இடத்தில் ரத்தக்குழாயும் நரம்பும் எலும்பை ஒட்டி ஓடுகின்றன. விலகியிருந்தால் மயக்கம் கொடுத்து இடத்தில் தள்ளி, மெல்லிய கம்பிகள் இரண்டு மூன்று குத்தி வைப்பார்கள். சில வாரத்தில் எடுத்துவிடலாம். இதற்கு இறுக்கிக் கட்டுப் போட்டு, முன்கைத் தசை சுருங்கி விரல் மடங்கிய பிள்ளைகளைப் பார்த்தவர்கள் யாரும் இந்த இடத்தில் நாட்டுக்கட்டு என்று சொல்ல மாட்டார்கள்.

தோள்முனையில் முறிந்த குழந்தைகளுக்கு நேர்மாறு. மேல்கை எலும்பின் வளர்ச்சியில் சுமார் 80 சதவீதம் அந்த முனையில்தான் நடக்கிறது. கோணலாகச் சேர்ந்தாலும் வளர வளர நேராகிவிடும்.

புத்தூர் கட்டு

மதுரையைச் சுற்றி எந்தச் சாலையில் போனாலும் இந்தப் போர்டு கண்ணில் படும். மூங்கில் பிளாச்சு, முட்டை வெள்ளைக்கரு, பச்சிலை எண்ணெய், துணி. இதை ஏளனம் செய்ய எனக்கு விருப்பமில்லை. விலகாத தோள்முனை முறிவோடு போகிறவருக்கு அங்கேயும் கை சேரும், ஏனென்றால் அது எப்படியும் சேரக்கூடிய முறிவு. "எங்க அப்பத்தாவுக்குச் சேர்ந்துச்சே" என்ற சாட்சிகள் பெரும்பாலும் இந்த வகைதான். எது தானே சேரும், எது சேராது என்பது எக்ஸ்ரே இல்லாமல் தெரியாது என்பதுதான் பிரச்சினை.

போகத்தான் போகிறார்கள் என்றால் மூன்றைக் கறாராகச் சொல்லி அனுப்புங்கள். எக்ஸ்ரே எடுத்து டாக்டர் பார்த்த பிறகு போகவும். முறிந்த இடத்தையோ முழங்கையையோ உருவிவிட விடக் கூடாது, அடிபட்ட தசைக்குள் எலும்பு வளர்ந்து மூட்டு பூட்டிக்கொள்ளும். கட்டிய பிறகு விரல் நீலம் பாய்ந்தால், மரத்தால், விரலை நீட்டினால் உயிர் போகிற வலி வந்தால், உடனே கட்டைப் பிரித்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். ரத்தம் போகாத தசை ஆறு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. "காலையில வைத்தியரைக் கேட்டுக்கலாம்" என்று ராத்திரியைக் கடத்துவதில் கை போய்விடும்.

ஆட்டுக்கால் சூப், பிரண்டைத் துவையல் எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம். சிகிச்சைக்குப் பதிலாக வேண்டாம். பீடி, சிகரெட்டைத்தான் நிறுத்த வேண்டும். எலும்பு சேர்வதை அது நன்றாகவே தாமதப்படுத்தும்.

ஸ்லிங் போட்ட பிறகு வாரம் வாரமாக

என் அத்தைக்குத் திருமங்கலத்தில் வலது தோள்முனை முறிந்தது. மூன்று பகுதி, விலகல் உண்டு, வயது எழுபதை ஒட்டி. ஸ்லிங் என்று முடிவானது. நாலாம் நாள் காலையில் முழங்கையும் விலாவும் கன்னங்கரேலென்று ஆகிவிட்டது என்று போன். தோளில் கசிந்த ரத்தம் கீழே இறங்கித் தோலுக்கடியில் தேங்குவதுதான் அது. கறுப்பு, பச்சை, மஞ்சள் என்று நிறம் மாறி மூன்று வாரத்தில் மறையும்.

முதல் வாரம் விரல், மணிக்கட்டு, முழங்கை மூன்றையும் தினமும் பலமுறை அசைக்க வேண்டும். கைக்குட்டையைச் சுருட்டிப் பிடித்து அழுத்தலாம். அக்குளில் வியர்வை தேங்காமல், முன்பக்கம் குனிந்து கையைத் தொங்கவிட்டு ஈரத்துணியால் துடைத்து, மெல்லிய துணியை மடித்து வைக்க வேண்டும். ஜாக்கெட் போடும்போது முறிந்த கை முதலில் நுழையும், கழற்றும்போது கடைசியில் வரும். ஒரு வாரம் கழித்து மறுபடி எக்ஸ்ரே. விலகல் கூடியிருந்தால் திட்டத்தை மாற்ற அதுதான் நேரம்.

விலகல் கூடவில்லை என்றால் ஒன்றிரண்டு வாரத்துக்குள் தொங்கல் பயிற்சி. நல்ல கையைக் கிரைண்டர் மேடையில் ஊன்றி, இடுப்பை வளைத்துக் குனிந்து, முறிந்த கையை ஸ்லிங்கிலிருந்து எடுத்துத் தொங்கவிட வேண்டும். கையை ஆட்டக் கூடாது. உடம்பை முன்னும் பின்னும் மெல்ல அசைத்தால் கை தானே ஆடும். அம்மியில் சுற்றுகிற அளவு வட்டம் போதும். அத்தைக்கு இது பிடிக்கவில்லை.

"ஏப்பா தம்பி, முறிஞ்ச எலும்பு நழுவிராதா?"

"நழுவாது ஆத்தா. வலிக்குதுன்னு விட்டீங்கன்னா தோளு பூட்டிக்கிரும். அப்புறம் நான் ஆறு மாசம் வரணும்" என்றார் பிசியோ தம்பி. ஆறு மாசக் கூலியை நினைத்தோ என்னவோ, அத்தை அன்றிலிருந்து ஒழுங்காகச் செய்தார்.

மூன்றாவது வாரம் முதல் நல்ல கையின் துணையோடு தூக்குவது. மல்லாந்து படுத்து, நல்ல கையால் மணிக்கட்டைப் பிடித்துத் தலைப்பக்கம் கொண்டுபோகலாம். பழைய வீடுகளில் தொட்டில் கட்டும் கொக்கி உத்தரத்தில் இருக்கும். அதில் ஒரு சின்ன உருளையை மாட்டிக் கயிறு விட்டு, இரு முனையிலும் துணி சுற்றிய பிடி வைத்தால், நல்ல கை கீழே இழுக்க முறிந்த கை மேலே போகும். பிசியோ சென்டரில் இருக்கும் அதே கருவி, அறுபது எழுபது ரூபாயில்.

ஆறாவது வாரம் எக்ஸ்ரேயில் எலும்பு ஒட்டியிருந்தால் ஸ்லிங்குக்கு விடை. சுவரில் விரல்களை நடக்கவிட்டு மேலே ஏற்றுவது, முதுகுக்குப் பின்னால் துண்டை இழுப்பது. தினம் எட்டிய உயரத்தில் சுவரில் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். எடை தூக்கும் பயிற்சி பத்துப் பன்னிரண்டு வாரத்துக்குப் பிறகுதான். குடம், கேஸ் சிலிண்டர், ஸ்கூட்டர் எல்லாம் அதற்கும் பிறகு டாக்டரைக் கேட்டுவிட்டு.

எவ்வளவு திரும்பும் என்றால், முழுவதும் திரும்பும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. முன்னேற்றம் ஓராண்டு வரை வந்துகொண்டிருக்கும். கை காதை ஒட்டி நேராக நிமிராவிட்டாலும் தலை வார, சேலை கட்ட, சோறு பிசைய வந்துவிடும். அத்தையின் இலக்கு மீனாட்சி சந்நிதியில் தலைக்கு மேலே கை கூப்புவது. நெற்றிவரை வருகிறது. அம்மனுக்கு அது போதும் என்கிறார்.

பிளேட் வைத்தவர்களுக்கும் இதே பயிற்சிதான், கொஞ்சம் முன்பாகவே தொடங்கும். ஆபரேஷன் ஆகிவிட்டதே என்று பயிற்சியை விடுபவர்களின் தோள், ஸ்லிங் போட்டவர்களின் தோளைவிட மோசமாகப் பூட்டிக்கொள்வதுண்டு. காய்ச்சல், தையலில் நீர் கசிவு, குறைந்த வலி மறுபடி கூடுவது எதுவானாலும் உடனே காட்டுங்கள். "பிளேட்டை எப்ப எடுக்கணும்?" என்பது எல்லாரும் கேட்கிற கேள்வி. தொந்தரவு இல்லாவிட்டால் பெரியவர்களுக்கு எடுக்கவே வேண்டாம். அதிலும் நடுத்தண்டில், எடுக்கப்போய் ரேடியல் நரம்பு அடிபட வாய்ப்பு உண்டு.

பணம்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டைக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. அட்டை இல்லையென்றால் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள மையத்தில் பதியலாம். அரசுப் பெரியாஸ்பத்திரியிலும், திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் செல்லும். அறுவை சிகிச்சைக்கு முன்பே ஒப்புதல் வாங்க வேண்டும், ஆகையால் அட்டையை முதல் நாளே காட்டிவிடுங்கள்.

தனியார் மெடிக்ளெய்மில் ஒரு கோணல் உண்டு. பெரும்பாலான பாலிசிகள் உள்நோயாளியாகப் படுத்தால்தான் பணம் தரும். பிளேட் வைத்தால் லட்சக்கணக்கில் கிடைக்கும், ஸ்லிங் போட்டுவிட்டு பிசியோவுக்குத் தினமும் கொடுக்கும் காசு நம் பையிலிருந்துதான் போகும். "இன்சூரன்ஸ்தானே கட்டுது, செஞ்சுக்கலாம்" என்று வீட்டில் யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். கீறப்படுவது பாலிசியின் தோள் இல்லை.

டாக்டரிடம் இப்படிக் கேட்கலாம்: "எத்தனை துண்டு, எவ்வளவு விலகியிருக்கு? ஆபரேஷன் செய்யாம விட்டா இந்தக் கைக்கு என்ன ஆகும்? செஞ்சா எது கூடுதலா கிடைக்கும்? இந்த வயசுல, இந்தச் சர்க்கரையில, திரும்ப ஒரு ஆபரேஷன் வர்ற வாய்ப்பு எவ்வளவு? நீங்க இதை அடிக்கடி செய்றீங்களா?" நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து விரலால் காட்டிச் சொல்வார்.

அடுத்த முறிவு

நின்ற இடத்திலிருந்து விழுந்து தோள் முறிந்தது என்றால் எலும்பு தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அப்படி முறிந்தவர்களுக்கு அடுத்த ஓராண்டுக்குள் இடுப்பு எலும்பு முறியும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு. இடுப்பு முறிவு ஆளையே சாய்த்துவிடும். இருந்தும், கை சேர்ந்ததும் எல்லாரும் மறந்துவிடுவது இதைத்தான். எலும்பு அடர்த்திக்கு டெக்ஸா ஸ்கேன், ரத்தத்தில் வைட்டமின் டி, தேவையானால் எலும்பைப் பலப்படுத்தும் மருந்து ஆகிய மூன்றையும் எலும்பு டாக்டரே சொல்லாவிட்டாலும் நீங்கள் கேளுங்கள். கேழ்வரகில் 100 கிராமுக்கு சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. தினம் ஒரு வேளை கூழோ களியோ நல்லதுதான், மருந்து எழுதிக்கொடுத்தால் அதையும் சேர்த்துச் சாப்பிட வேண்டும்.

குளியலறையில் கைப்பிடிக் கம்பி, ராத்திரி எரிய ஒரு சின்ன பல்பு, வாசலில் தண்ணீர் தெளிக்கும்போது செருப்பு. சேலை தரையைத் தொடாமல் இரண்டு விரற்கடை மேலே நிற்கட்டும். தூக்க மாத்திரை, பிபி மாத்திரையின் அளவை டாக்டரிடம் ஒருமுறை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். கண்ணில் புரை விழுந்திருந்தால் "கை சரியாகட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போட வேண்டாம். 1976-ல் பதினொரு படுக்கையோடு ஆரம்பித்த அரவிந்த் கண் மருத்துவமனை நம்மூரில்தான் இருக்கிறது. ஸ்லிங்கைக் கழற்றிய மாதத்திலேயே அங்கே ஒரு நாள் போய் வந்துவிடலாம்.